மண்டபமாகிப் போன மனிதர்

லயனல் வென்ட் என்றால் எங்கள் வீட்டில் ஒரு மண்டபம். அக்காவின் மூத்தவளுக்கு அங்கேதான் பரத அரங்கேற்றம் வைக்க வேண்டும் என்று அத்தான் ஒற்றைக்காலில் நின்றார். வாடகையைக் கேட்டதும் மற்றக் காலையும் ஊன்றிக்கொண்டு பம்பலப்பிட்டிக்கு இறங்கிவிட்டார். கதிரேசன் மண்டபத்தில் அரங்கேற்றம் குறையில்லாமல் நடந்தது. அந்த அல்லோலத்துக்கு நடுவில்தான் சின்னவள் என்னிடம் கேட்டாள்.

“மாமா, ஆர் அந்த லயனல் வென்ட்? வெள்ளைக்காரக் கவர்னரோ?”

“இல்லையம்மா. படம் பிடிச்சவர்.”

“சினிமாவோ?”

“போட்டோ.”

“போட்டோ பிடிச்சவருக்கே இவ்வளவு பெரிய மண்டபம் கட்டினவை?”

நியாயமான கேள்விதான். அவருடைய சொந்தக் காணியில், அவர் விட்டுப்போன சொத்திலிருந்து கட்டினது என்று சொல்லிவிட்டுத் தப்பினேன். அது பாதிப் பதில். மிச்சப் பாதியை அவளுக்குச் சொல்வதற்கு ஒரு இரவு போதாது என்பதால் இங்கே எழுதுகிறேன். எழுபதுகளில் கொழும்பில் தமிழ் நாடகம் போட்ட தலைமுறைக்கு அந்த மேடை பழக்கமானது. இன்றைக்கும் நம் பிள்ளைகள் அங்கே ஏறுகிறார்கள். ஆனால் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் எங்கள் ஆட்களில் பத்துக்கு ஒன்பது பேர் முழிப்பார்கள். வெள்ளவத்தைக்காரருக்கோ அவரைத் தெரிந்துவைத்திருக்கத் தனிக் காரணமே இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். தகப்பன் ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர், உயர் நீதிமன்ற நீதியரசர். தாய் அமேலியா, டி சேரம் குடும்பம். கறுவாத்தோட்டத்து வாழ்க்கை, கையில் காசு, வீட்டில் பியானோ. தகப்பனுக்குக் கமராவிலும் பைத்தியம். இலங்கையின் அமெச்சூர் புகைப்படக்காரர்கள் 1906இல் ஒரு சங்கம் தொடங்கியபோது அதற்குக் கால்கோள் இட்டவர்களில் அவரும் ஒருவர். 1911இல் தகப்பன் போனார், 1918இல் தாய் போனார். இருபது வயதுக்கு முன்னமே மகன் தாய் தகப்பன் இல்லாதவராகி, சொத்தோடு தனியே நின்றார்.

1919இல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறினார். நீதியரசரின் மகன் வேறு என்ன படிப்பது! ஆனால் அங்கே சட்டத்தோடு சேர்த்து ரோயல் அகடமி ஒஃப் மியூசிக்கில் பியானோவும் படித்தார். 1924இல் பாரிஸ்டராகத் திரும்பி வந்து, கொஞ்சக் காலம் கறுப்புக் கோட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அதைக் கழற்றி வைத்தார். பிறகு பியானோதான். கொழும்புக்கு அதுவரை எட்டியிராத புதிய ஐரோப்பிய இசையைக் கச்சேரிகளில் வாசித்தார்.

நம் வீடுகளில் டொக்டருக்குப் படித்துவிட்டு மிருதங்கத்தோடு நிற்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வென்ட்டைக் கேட்க ஆளும் இல்லை, தேவையும் இல்லை. கலை செய்வதற்குத் திறமையைவிட ஓய்வு பெரிய சொத்து. அந்த ஓய்வு அவருக்கு அந்தக் காலத்து இலங்கையில் யார் யாருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வராது. அதே வேளையில், அதே காசு கையிலிருந்த நூறு பேர் அதே கறுவாத்தோட்டத்தில் குதிரைப் பந்தயத்தோடு முடிந்துபோனார்கள் என்பதும் உண்மைதானே.

இனி வெள்ளவத்தை.

1929இல் ரங்கூனிலிருந்து இருபத்து நான்கு வயதுச் சிலி நாட்டு இளைஞர் ஒருவர் கொழும்புக்குக் கொன்சலாக மாற்றலாகி வந்தார். பாப்லோ நெரூடா. பின்னாளில், 1971இல், நோபல் பரிசு வாங்கப்போகிறவர் என்று அப்போது அவருக்கும் தெரியாது, வெள்ளவத்தைக்கும் தெரியாது. சம்பளம் சொற்பம், வேலையும் சொற்பம். கடலோரத்தில் ஒரு சின்ன பங்களாவில், ஒரு வேலைக்காரப் பையனோடும் ஒரு கீரிப்பிள்ளையோடும் இருந்தார். இன்றைக்கு அடுக்குமாடிகள் கடலையே மறைத்துக்கொண்டு நிற்கிற இந்த வெள்ளவத்தை அப்போது கொழும்புக்கு வெளியே கிடந்த தென்னந்தோப்பு. வெள்ளைக்காரக் கிளப்புகளின் மேட்டிமைத்தனம் அவருக்கு ஒத்துவரவில்லை. உள்ளூர் ஆட்களைத் தெரியாது. தனிமையில் கிடந்தார்.

அவருக்குக் கிடைத்த சிநேகிதர் வென்ட். லண்டனில் அச்சாகும் புதிய புத்தகங்கள் கப்பலில் வென்ட்டின் வீட்டுக்கு வந்திறங்கும். அவர் வாரந்தோறும் ஒரு ஆளைச் சைக்கிளில் ஏற்றி, பை நிறையப் புத்தகங்களோடு வெள்ளவத்தைக்கு அனுப்பிவைப்பார். நெரூடா தம் நினைவுக் குறிப்புகளில் இதை நன்றியோடு எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் தடைக்குத் தப்பி இத்தாலியில் தனியாக அச்சிடப்பட்டிருந்த டி.எச்.லோரன்ஸின் ‘லேடி சட்டர்லியின் காதலன்’ கூட அந்தப் பையில்தான் காலி வீதி வழியே வந்தது. அன்றைய கொழும்பில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைக் கண்டிருப்பார்கள்? சைக்கிள் ஓட்டியவருக்குத் தாம் எதைச் சுமந்து போகிறோம் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

பெயர் எழுதப்படாதவர்கள் இந்தக் கதையில் நிறைய. அவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழ்ப் பெண்.

அதே நினைவுக் குறிப்புகளில், அதே வெள்ளவத்தை பங்களாவைப் பற்றி எழுதும்போது நெரூடா இதையும் எழுதியிருக்கிறார். காலையில் மலக்கூட வாளியை எடுத்துப்போக ஒரு பெண் வருவார். தமிழ்ப் பெண், தீண்டாமைக்கு உட்பட்ட சாதி. அழகானவர் என்கிறார். பரிசுகள் வைத்துப் பார்த்தாராம். அந்தப் பெண் திரும்பியே பார்க்கவில்லையாம். ஒரு காலை கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாராம். முழு நேரமும் அவள் கண்ணைத் திறந்தபடி, கல்லாக இருந்தாள், என்னை அவள் இகழ்ந்தது சரிதான் என்கிற பொருளில் அந்தப் பகுதியை முடிக்கிறார். இதற்குத் தமிழிலும் சட்டத்திலும் ஒரே பெயர்தான்: வன்புணர்வு. புத்தகம் அவர் இறந்த மறு ஆண்டு, 1974இல் வந்தது. பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2018இல் சந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைக்கும் யோசனை வந்தபோதுதான் சிலியின் பெண்கள் அமைப்புகள் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி எதிர்த்தன. இலங்கையில் அசோக ஹந்தகம 2021இல் இதை வைத்து ஒரு திரைப்படம் எடுத்தார். அதன் பெயர் ‘அல்பொராடா’. வென்ட்டின் வீட்டுக்கும் அதே பெயர்தான்.

நெரூடாவின் கவிதைகளைத் தமிழில் மொழிபெயர்க்காத சிறுபத்திரிகை கிடையாது. வெள்ளவத்தையில் அவர் இருந்தார் என்று பெருமையாகச் சொல்லாத இலக்கியக் கூட்டமும் அருமை. அந்தப் பெருமையைச் சொல்லும் வாய் அடுத்த மூச்சில் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. கூட்டமொன்றில் இதை எழுப்பியபோது ஒரு பெரியவர், “தம்பி, கவிதையைக் கவிதையாப் பாரும்” என்றார். பார்க்கிறேன் ஐயா. வாளி எடுத்தவரை எந்த வரியில் பார்ப்பது?

இதற்கு வென்ட்டைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் அவருடைய படங்களுக்கு முன்னால் நிற்கும்போது எனக்கு இந்தப் பெண் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. காரணம், வென்ட்டும் அதே மனிதர்களைத்தான் பார்த்தார்: மீனவர், கூலியாள், வீட்டு வேலைக்காரர், மேளகாரர், கறுத்த உடம்போடு வெயிலில் நிற்கிற இளைஞர். பார்த்த விதம் வேறு.

அவர் கமராவைத் தீவிரமாகக் கையிலெடுத்தது முப்பதுகளின் தொடக்கத்தில். இறந்தது 1944இல். ஆக, புகைப்படக்காரராக அவர் வாழ்ந்தது பத்துப் பதினொரு வருடம். வைத்திருந்தவை ரோலிஃபிளெக்ஸும் லைக்காவும். ரோலிஃபிளெக்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டுக் குனிந்து பார்த்துப் படம் பிடிக்க வேண்டும். ஆறு சென்ரிமீற்றர்ச் சதுரப் படம், ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு. லைக்கா கைக்குள் அடங்கும். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு. குனிந்து நிற்கிற கமராவுக்கு ஒரு பணிவு உண்டு. எடுப்பவரின் கண் எதிரே நிற்பவரை முறைப்பதில்லை. படமும் இடுப்பளவிலிருந்து மேல்நோக்கிப் பார்ப்பதால் நிற்பவர் உயர்ந்து தெரிவார். வென்ட்டின் சதுரப் படங்களில் சாதாரண ஆள்கூட ஒரு கம்பீரத்தோடு நிற்பதற்கு இது பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி அவருடைய கண்.

அதற்கு முன் இலங்கையில் கமரா யாரைப் பார்த்தது என்று யோசியுங்கள். கொழும்பிலும் கண்டியிலும் இருந்த வெள்ளைக்கார ஸ்ரூடியோக்கள் தபாலட்டைக்காகப் படம் பிடித்தன: ‘தமிழ்ப் பெண்’, ‘சிங்கள ஆண்’, ‘ரொடியாப் பெண்’. மியூசியத்து அலுமாரியில் பொருட்களுக்குக் கட்டித் தொங்கவிட்ட சீட்டுப்போல மனிதருக்கும் ஒரு சீட்டு. இன்னொரு பக்கம், காசுள்ள குடும்பங்கள் ஸ்ரூடியோவில் செயற்கைத் தூணுக்குப் பக்கத்தில் விறைத்து நின்று எடுத்த படங்கள். இந்த இரண்டுக்கும் நடுவே, வேலை செய்கிற மனிதரை அவருடைய தோலின் மினுக்கத்துக்காகவும் முதுகின் வளைவுக்காகவும் நின்று பார்த்த ஆள் வென்ட். எண்ணெய் தேய்த்த கறுத்த தோளில் வெயில் விழுகிற படங்கள் அவருடையதில் உண்டு. கறுப்பை அழகென்று வாயால் சொல்வது சுகம். வெள்ளைத் தோலுக்கென்றே கணக்குப் பார்த்து வந்த அன்றைய புகைப்பட அழகியலில், கறுப்பின் உள்ளே இருபது விதக் கறுப்பைக் காட்ட ஒரு அச்சுக்காரரின் பொறுமை வேண்டும்.

டார்க்ரூமில் அவர் பெரிய ஆட்டக்காரர். புகைப்படக் கலைஞர் மான் ரே பாரிசில் செய்துகொண்டிருந்த வித்தைகளையெல்லாம் கொழும்பில் செய்து பார்த்தார். கமராவே இல்லாமல் இலையையோ கண்ணாடியையோ தாளின்மேல் வைத்து வெளிச்சம் பாய்ச்சி எடுப்பது ஒன்று. இரண்டு மூன்று நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக்குவது இன்னொன்று. படம் தெளிந்துவரும் நேரத்தில் ஒரு கணம் விளக்கைப் போட்டு அணைப்பது வேறொன்று. அப்படிச் செய்தால் வெளிச்சமும் இருளும் இடம் மாறி, உருவத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்ததைப் போல ஒரு கோடு ஓடும். இதையெல்லாம் இருபது பாகை குளிரில் செய்ய வேண்டும் என்று கோடாக் புத்தகம் சொல்லும். கொழும்புக் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தொடும் ஊரில், மருந்துப் பூச்சு இளகி வழுக்கிப் போகாமல் ஐஸ்கட்டி போட்டுப் போட்டுத்தான் படம் கழுவ வேண்டும். டிஜிட்டலுக்கு முன் இங்கே படம் கழுவிய எவரைக் கேட்டாலும் இந்தத் துன்பத்தைச் சொல்வார்கள்.

என் ரசனையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வித்தைப் படங்கள் எனக்கு ஒரு முறைக்குப் போதும். அவை பாரிசுக்கு எழுதிய கடிதங்கள். நேரே நின்று எடுத்த ஆள் படங்கள்தான் இங்கேயுள்ளவருக்கு எழுதியவை.

ஆண்களின் நிர்வாணப் படங்களும் அவர் எடுத்தவற்றில் கணிசம். அவர் ஆண்களை நேசித்தவர் என்பதை இன்று அவரைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள் ஒளிப்பதில்லை. 1883இல் பிரித்தானியர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக் கோவை அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கியிருந்தது. அந்தச் சட்டத்தின் நிழலில், நீதியரசரின் மகன் எடுத்த படங்கள் இவை. ஒரு பக்கம் இது துணிச்சல். மறுபக்கம், கமராவுக்கு முன்னால் நின்ற இளைஞர்கள் பெரும்பாலும் ஏழைகள். பின்னால் நின்றவர் பெரிய வீட்டு ஐயா. “மாட்டேன்” என்று சொல்ல அவர்களால் முடிந்திருக்குமா? படங்கள் கண்ணியமானவை என்பதால் இந்தக் கேள்வி இல்லாமல் போகாது. நெரூடாவின் பங்களாவில் நடந்ததையும் இதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. அது குற்றம், இது கேள்வி.

இந்த இடத்தில் அம்ரிதா ஷெர்கிலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவருக்கும் வென்ட்டுக்கும் பிறப்பில் பதின்மூன்று வருட வித்தியாசம், இறப்பில் மூன்று வருடம். தாய் ஹங்கேரி நாட்டுப் பாடகி, தகப்பன் பஞ்சாபி. புடாபெஸ்டில் 1913இல் பிறந்து, பாரிசில் ஓவியம் படித்து, இந்தியாவுக்குத் திரும்பி, 1937இல் தெற்கே கன்னியாகுமரி வரை சுற்றிவந்து ‘தென்னிந்தியக் கிராமத்தார் சந்தைக்குப் போகிறார்கள்’ என்ற பெரிய ஓவியத்தை வரைந்தவர். 1941 டிசம்பரில் லாகூரில், கண்காட்சி தொடங்கவிருந்த நாட்களில், இருபத்தெட்டு வயதில் இறந்துபோனார். இருவரும் ஐரோப்பாவில் கற்றுவிட்டு வந்து, இங்கேயுள்ள கறுத்த ஏழை மனிதர்களிடம் தங்கள் கலையைக் கண்டெடுத்தவர்கள். ஷெர்கிலின் ஓவியமொன்று 2023இல் 61.8 கோடி இந்திய ரூபாய்க்குப் போனது. சந்தைக்குப் போன அந்தக் கிராமத்தார் யார் எவர் என்று யாருக்கும் தெரியாது. வென்ட்டின் மீனவர்களும் அப்படியே.

1934இல் பேசில் ரைட் என்ற ஆங்கிலேயர் ஒரு ஆவணப்படம் எடுக்க வந்தார். காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. படத்தின் பெயர் ‘சோங் ஒஃப் சிலோன்’. வென்ட் அவருக்கு ஊர் காட்டினார், ஆட்களை அறிமுகப்படுத்தினார், கடைசியில் படத்தின் குரலும் அவரே ஆனார். வாசித்தது அன்று எழுதிய விளம்பர வசனம் அல்ல. கண்டி இராச்சியத்தில் பல ஆண்டுகள் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல். தேயிலை விற்க எடுத்த படத்தில் தேயிலை கொஞ்சம்தான். காசு போட்டவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது, பிரசல்ஸ் விழாவில் 1935இல் முதல் பரிசு வாங்கியது. இணையத்தில் பார்க்கலாம், முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. நிதானமான, கொஞ்சம் கோயில் மணி ஒலிக்கிற குரல். மூன்றாம் பகுதியில் சந்தை விலைகளும் தந்திச் செய்திகளும் ஆங்கிலத்தில் ஒலிக்க, மலையகத் தமிழ்ப் பெண்கள் கொழுந்து பறித்தபடி கடந்துபோவார்கள். படத்தின் மொத்தச் செலவையும் தாங்கியது அந்தக் கொழுந்துதான். அவர்கள் வாய் திறக்கும் இடம் எதுவும் இல்லை.

1938இல் லைக்கா கமராக்காரர்களான லைட்ஸ் நிறுவனம் லண்டனில் வென்ட்டின் தனிக் கண்காட்சியை வைத்தது. ஆசியாவிலிருந்து ஒரு புகைப்படக்காரர் அந்தக் காலத்தில் அங்கே தனியாகக் காட்சி வைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அவருடைய உயரத்துக்கு நான் வைக்கும் சாட்சி அதுவல்ல. 1943 ஓகஸ்ட் 29.

அன்றைக்கு கில்ஃபோர்ட் கிரசென்ட் 18ஆம் இலக்க ‘அல்பொராடா’வில் ஓவியர் கூட்டம் ஒன்று நடந்தது. நாட்டின் கலைக்கு அதிகாரம் செலுத்தியது 1891இல் தொடங்கிய இலங்கைக் கலைச் சங்கம். அதன் கண்காட்சிகளில் கண்டிக் குளத்தின் நீர்வர்ணப் படங்களும், பெரிய மனிதரின் எண்ணெய் வர்ண உருவங்களும்தான் செல்லுபடியாகும். அதை ஏற்காதவர்கள் தனியே பிரிந்தார்கள். எண்ணம் ஐவன் பீரிசுடையது. செயலாளர் ஹெரி பீரிஸ். வீடும், பேச்சும், ஊக்கமும், தேவைப்பட்டால் காசும் வென்ட்டுடையது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், ஜெஃப்ரி பீலிங், கார்ட்டூனிஸ்ட் ஓப்ரி கொலெட், அப்போது பௌத்த துறவியாயிருந்த மஞ்சுசிறி, பத்தொன்பது வயது ரிச்சர்ட் கேப்ரியல். சிங்களவர், பறங்கியர், பிக்கு, கத்தோலிக்கர். வருடத்தையே பெயராக்கி ‘43 குழு’ என்று வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் கண்காட்சி.

அந்தத் தொடக்கப் பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரும் உண்டு: எஸ்.ஆர்.கனகசபை. வடக்கில் சித்திரப் பரிசோதகராக இருந்தவர். அவருடைய முயற்சியில் முப்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் ‘வின்சர் ஆட் கிளப்’ எழுந்தது. பெயரைப் பார்த்து இங்கிலாந்து அரச குடும்பம் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பில் பிரதான சித்திரப் பரிசோதகராயிருந்து, கீற், வென்ட் தலைமுறைக்குப் புதிய ஐரோப்பிய ஓவியத்தைத் திறந்துவைத்த சி.எஃப்.வின்சரின் நினைவாக வைத்தது. ஆக, ஒரே ஆசிரியரின் கையிலிருந்து ஒரு நூல் கறுவாத்தோட்டத்துக்கும் இன்னொரு நூல் யாழ்ப்பாணத்துக்கும் போயிருக்கிறது. கறுவாத்தோட்ட நூலைப் பற்றிப் பெரிய பெரிய ஆங்கிலப் புத்தகங்கள் உண்டு. யாழ்ப்பாண நூல் பிறகு ஓவியர் மாற்கு மாஸ்டர் வரை வந்து, இடப்பெயர்வுகளில் அறுந்து அறுந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு நிற்கிறது. கனகசபையைப் பற்றி அவ்வளவு தடிமனில் ஒரு தமிழ்ப் புத்தகம் வரவேண்டும். வெள்ளவத்தைப் புத்தகக் கடைகளில் நடிகர்களைப் பற்றி வந்திருக்கிற புத்தகங்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், இதற்குக் கடதாசி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குழு பிறந்து பதினாறு மாதத்தில், 1944 டிசம்பர் 19ஆம் திகதி, வென்ட் மாரடைப்பால் இறந்தார். நாற்பத்து நான்கு வயது முடிந்து இரண்டு கிழமை. சொத்துக்குரிய தம்பி ஹென்றியும் அடுத்த வருடமே போய்விட்டார். எல்லாம் நண்பர் ஹெரல்ட் பீரிஸின் கைக்கு வந்தது. அவர் நினைத்திருந்தால் கொழும்பு 7 காணியை நல்ல விலைக்கு விற்றிருக்கலாம். அவரோ வீட்டை இடித்துவிட்டு அந்த இடத்தில் சிநேகிதரின் பெயரால் அரங்கைக் கட்டுவித்தார். 1953 டிசம்பரில் மக்சிம் கோர்க்கியின் நாடகத்தோடு திரை விலகியது. சித்திரக் கூடம் சில வருடம் கழித்து வந்தது. தெருவின் பெயர்கூட இப்போது இசையமைப்பாளர் பிரேமசிறி கேமதாசவின் பெயராகிவிட்டது.

குழு நிற்கவில்லை. லண்டனிலும் பாரிசிலும் காட்சி வைத்தது. 1956 வெனிஸ் பினாலேயில் தெரணியகலவுக்கு யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. வென்ட் எடுத்த படங்களைவிட அவர் ஏற்படுத்திக் கொடுத்த இடம் பெரிது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். இடம் கொடுத்த பணக்காரர்கள் உலகில் நிறைய. இடத்தையும் கொடுத்து, அதில் இருந்தவர்களுக்குச் சமமாகத் தானும் செய்தவர்கள் குறைவு.

படங்களுக்கு என்ன நடந்தது? நண்பர்கள் தேர்ந்தெடுத்து 1950இல் லண்டனில் ‘லயனல் வென்ட்டின் சிலோன்’ என்ற நூலை வெளியிட்டார்கள். நெகட்டிவ்கள் பிழைக்கவில்லை. அவர் இறந்த பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. எடுத்தவர் இல்லாதபோது வேறொருவர் அவர் பெயரில் அச்சுப் போடக்கூடாது என்கிற அந்தக் காலத்துத் தொழில் ஒழுக்கம் அது என்கிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் எனக்கு இந்தச் செய்தியை நிதானமாக வாசிக்க முடிவதில்லை. 1983 ஜூலையில் தமிழருக்கெதிரான வன்முறையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எரிந்த வீடுகளில் எத்தனை அல்பங்கள் இருந்தன! எங்கள் அம்மாவுக்குக் கலியாணப் படம் கிடையாது. கனடாவிலிருந்த பெரியம்மா வீட்டுக்கு முன்னமே அனுப்பியிருந்த ஒரு பிரதியை வைத்துத்தான் பிறகு எங்களுக்கு அப்பாவின் இளவயது முகம் தெரிந்தது. நெகட்டிவைக் கையால் அழிக்க ஒரு சமூகத்துக்குத் தன் மற்றப் பிரதிகள் பத்திரமாக இருக்கும் என்ற தைரியம் வேண்டும்.

எஞ்சிய அச்சுகள் பல காலம் பெட்டிகளில் கிடந்தன. தொண்ணூறுகளில் ஐம்பதாவது நினைவாண்டையொட்டி மீண்டும் வெளியே வந்தன. 2000இல் நூற்றாண்டு நூல் வந்தது. 2017இல் ஜேர்மனியின் கசல் நகரத்து டொக்குமென்டா கலைக் கண்காட்சி வரை போயின, ஆம்ஸ்டர்டாமில் பெரிய கண்காட்சி நடந்தது. இப்போது அவருடைய மூல அச்சுகளை ஐரோப்பியக் கலைவணிகர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

கொழும்பில் இருப்பவர்கள் அடுத்த முறை அரங்கேற்றத்துக்கோ நாடகத்துக்கோ அங்கே போனால், மேடை திறக்கும்வரை வாசலில் நின்று செல்ஃபி எடுக்காமல் சித்திரக் கூடத்துக்குள் ஒரு நடை போய் வாருங்கள். அவருடைய சிநேகிதர்களின் ஓவியங்களைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸுக்குப் போகவேண்டும். ஹெரி பீரிஸ் வாழ்ந்த வீடு; அவர் அதை அப்படியே ‘சபுமல்’ அறக்கட்டளைக்கு விட்டுப்போனார். ஓட்டுக் கூரை, புத்தக அலுமாரிகள், சுவர் நிறைய 43 குழு. அங்கே ஐவன் பீரிஸின் முன்னால் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். தெஹிவளைக்காரர், அதாவது வெள்ளவத்தைக்கு அடுத்த ஸ்ரேசன். வாழ்நாளில் பெரும்பகுதியை இங்கிலாந்தில் கழித்தபடி, இந்தக் கடற்கரையையே நினைவிலிருந்து வரைந்துகொண்டிருந்தவர். கனடாவிலும் லண்டனிலும் இருந்து இந்தப் பதிவை வாசிக்கிறவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. திறந்திருக்கும் நேரம் மாறும், போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர்களுக்கு 155 பஸ் இருக்கிறது; ரவுண் ஹோல் பக்கம் இறங்கி மிச்சத்தை நடக்கலாம்.